ஆங்கிலத்தில் திருச்சபைப் பெயர்களும் பதவிப் பெயர்களும்: பெரிய எழுத்து எங்கே, சிறிய எழுத்து எங்கே?

கேள்வி: பொருநைக்கரையான்

அவையோருக்கு வணக்கம். திருநெல்வேலிப் பகுதியிலுள்ள ஒரு சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சேகரத்தின், அதாவது ஒரு குருவின் பொறுப்பிலுள்ள சபைகளின், நூற்றாண்டு மலர் தமிழிலும் ஆங்கிலத்திலும் வரவிருக்கிறது. அதன் ஆங்கிலப் பகுதியைச் செம்மைப்படுத்தி அச்சுக்கு ஆயத்தமாக்கும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. கட்டுரைகளைப் பலர் எழுதியிருப்பதால், ‘பிஷப்’ (பேராயர்) என்ற சொல் ஒரு பக்கத்தில் பெரிய எழுத்தில் தொடங்குகிறது, மறுபக்கத்தில் சிறிய எழுத்தில் தொடங்குகிறது. ‘பிரெஸ்பிட்டர்’ (குரு), ‘மாடரேட்டர்’ (சி.எஸ்.ஐ.யின் தலைமைப் பேராயர்), ‘கேட்டகிஸ்ட்’ (உபதேசியார்), ‘டயோசிஸ்’ (திருமண்டலம்), ‘சர்ச்’ ஆகிய சொற்களுக்கும் இதே நிலைதான். ‘கத்தோலிக்’, ‘இவாஞ்சலிக்கல்’, ‘பெந்தெகொஸ்தல்’ போன்ற பிரிவுப் பெயர்களிலும் ஒழுங்கு இல்லை.

பெயரோடு சேராமல் தனியே வரும் ‘பிஷப்’ என்ற சொல்லைச் சிறிய எழுத்துக்கு மாற்றி முதல் மெய்ப்பை மலர்க் குழுவுக்கு அனுப்பினேன். பேராயரைச் சிறிய எழுத்தில் எழுதுவது மரியாதைக் குறைவு என்று குழுவில் மூத்தவர்கள் சிலர் வருத்தப்பட்டார்கள். அவர்கள் மனம் நோகாமலும் மொழி பிழையாகாமலும் இதை எப்படித் தீர்ப்பது? வாழ்த்துரை வழங்கியவர்களில் மாவட்ட ஆட்சியர், ஒரு கத்தோலிக்க ஆயர், அயலிலுள்ள பள்ளிவாசலின் இமாம் ஆகியோரும் இருக்கிறார்கள் என்பதையும் கருத்தில் கொள்ளுங்கள்.

பதில் 1: மெய்ப்புநோக்கர்

ஐயா, குழுவினரின் வருத்தத்திற்கான காரணத்திலிருந்தே தொடங்குகிறேன். தமிழில் மரியாதை சொல்லின் உடம்பிலேயே இருக்கிறது. ‘வந்தான்’ என்பதற்கும் ‘வந்தார்’ என்பதற்கும் உள்ள தொலைவு நமக்குச் சிறு வயதிலேயே காதில் பதிந்துவிடுகிறது. அதற்கு மேல் ‘அவர்கள்’ என்று சேர்க்கவும் வழியுண்டு. ஆங்கில வினைமுற்றில் இப்படி எதுவும் இல்லை. ஆகவே ஆங்கிலத்தில் எழுதும் நம்மவர்கள் அந்த மரியாதையை வைப்பதற்கு ஓர் இடம் தேடி, பெரிய எழுத்தைக் கண்டடைகிறார்கள். ஆனால் ஆங்கில எழுத்துமுறையில் பெரிய எழுத்து செய்யும் வேலை வேறு. ஒரு சொல் இந்த இடத்தில் ஒருவருடைய அல்லது ஓர் அமைப்பினுடைய பெயராக நிற்கிறதா, ஒரு வகையைச் சுட்டும் பொதுச்சொல்லாக நிற்கிறதா என்பதையே அது காட்டுகிறது. உயர்வு தாழ்வைக் காட்டுவது அதன் முதன்மையான வேலை அன்று.

ஆங்கிலத்தில் எழுதுவோர் பின்பற்றும் இரு வழிகாட்டி நூல்களான சிகாகோ நடைக் கையேடும் அசோசியேட்டட் பிரஸ் நடைநூலும் இந்த அடிப்படையில் ஒன்றுபடுகின்றன. பதவிப் பெயர் ஆளின் பெயருக்கு நேர் முன்னால், பெயரின் பகுதியாகவே வந்தால் பெரிய எழுத்து. தனியே வந்தாலும் பெயருக்குப் பின்னால் விளக்கமாக வந்தாலும் சிறிய எழுத்து. அன்றைய திருநெல்வேலி மாவட்டத்து வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்து, 1912இல் கல்கத்தாவின் தூய பவுல் பேராலயத்தில் அருட்பொழிவு பெற்று, ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயரான வேதநாயகம் சாமுவேல் அசரியாவை எடுத்துக்கொள்வோம். ‘பிஷப் அசரியா’ என்னும்போது பெரிய எழுத்து வரும். ‘அசரியா, டோர்னக்கலின் பிஷப்’ என்று பெயருக்குப் பின் வரும்போதும், ‘அந்தப் பிஷப் ஊர் திரும்பினார்’ என்று தனியே வரும்போதும் இவ்விரு நூல்களின் வழியில் சிறிய எழுத்து வரும். போப்பாண்டவருக்கும் இதே விதிதான்: பெயரோடு வந்தால் பெரியது, பெயரில்லாமல் வந்தால் சிறியது. அவரையே சிறிய எழுத்தில் எழுதும் நூல் நம் பேராயரை அவமதிக்க நினைக்கவில்லை என்பதைக் குழுவினருக்கு எடுத்துச் சொல்லலாம்.

பெயருக்கு முன்னால் வந்தும் சிறிய எழுத்துப் பெறும் ஓர் இடம் உண்டு. இதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். ‘முதல் இந்திய ஆங்கிலிக்கன் பிஷப் அசரியா’ என்று அடைமொழிகளோடு வரும்போது அந்தச் சொல் பட்டமாக நிற்பதில்லை, அவர் யார் என்ற விளக்கமாக நிற்கிறது; ஆகவே சிகாகோ வழியில் சிறிய எழுத்து. ‘முன்னாள்’ என்பதற்கான ஆங்கில அடை எப்போதும் சிறிய எழுத்தில்தான் தொடங்கும்; அதன் பின் பட்டமும் பெயரும் சேர்ந்து வந்தால் அசோசியேட்டட் பிரஸ் வழியில் பட்டத்துக்கு மட்டும் பெரிய எழுத்து, சிகாகோ வழியில் பட்டத்துக்கும் சிறிய எழுத்து. ஒருவரை நேரில் விளிக்கும்போது, பெயர் இல்லாவிட்டாலும் பட்டம் பெரிய எழுத்துப் பெறும். உங்கள் மலரில் வரவேற்புரை அச்சாகிறதென்றால் இந்த விதி அங்கே பலமுறை தேவைப்படும்.

உபதேசியாரைப் பொறுத்தவரை என் கருத்து இது. அசோசியேட்டட் பிரஸ் நூல் முறையான பட்டத்தையும் தொழிலைச் சுட்டும் சொல்லையும் பிரித்து, பின்னதைப் பெயருக்கு முன்னாலும் சிறிய எழுத்தில் எழுதச் சொல்கிறது. ஆசிரியர் போன்றவர்களுக்கு அது பொருந்தும். ஆனால் திருநெல்வேலி மிஷன் வரலாற்றில் உபதேசியார் என்பது பணி நியமனத்தோடும் பொறுப்போடும் கூடிய பதவி. பெயருக்கு முன் வந்தால் ‘கேட்டகிஸ்ட்’ என்பதைப் பெரிய எழுத்தில் எழுதுவதே நியாயம். பேராயருக்குப் பட்டம், உபதேசியாருக்கு வெறும் தொழில் என்று ஒரே மலருக்குள் பிரிப்பதை நான் விரும்பமாட்டேன்.

பெரிய எழுத்து வரலாற்றுத் தகவலையே மாற்றிவிடும் ஓர் இடத்தையும் சொல்ல வேண்டும், ஏனெனில் திருநெல்வேலி மலர்களில் இந்தத் தவறு திரும்பத் திரும்ப வருகிறது. ‘பிஷப் கால்டுவெல்’ என்பது சரியே. ஆனால் ‘பிஷப் ஆஃப் டின்னவேலி’ (திருநெல்வேலிப் பேராயர்) என்று முழுப் பதவிப் பெயராகப் பெரிய எழுத்தில் அவருக்கு எழுதினால் அது பொய்த் தகவல். கால்டுவெல்லும் சார்ஜெண்டும் 1877இல் சென்னைப் பேராயருக்குத் துணைப் பேராயர்களாகவே அருட்பொழிவு பெற்றார்கள். திருநெல்வேலி தனித் திருமண்டலமாகி சாமுவேல் மார்லி அதன் முதல் பேராயரானது 1896இல். கால்டுவெல் 1891இலேயே மறைந்துவிட்டார். சிறிய எழுத்தில் ‘திருநெல்வேலியில் பணியாற்றிய ஒரு பிஷப்’ என்ற பொருளில் எழுதினால் அவரைப் பற்றிய உண்மை கெடுவதில்லை. அதே சொற்களைப் பெரிய எழுத்தில் எழுதினால் அப்போது இல்லாத ஒரு பதவியை அவருக்குச் சூட்டியதாகிவிடும். அதுபோல், 1838இல் சென்னையில் வந்திறங்கியபோது அவர் லண்டன் மிஷனரி சங்கத்தின் இளம் ஊழியர். அந்த ஆண்டைப் பற்றிய வாக்கியத்தில் ‘பிஷப் கால்டுவெல் வந்தார்’ என்று எழுதாமல் ‘கால்டுவெல் வந்தார்’ என்று எழுதி, பதவி பெற்ற இடத்திலிருந்து பட்டத்தைச் சேர்ப்பது நல்லது.

பதில் 2: தரங்கைவாசி

பிரிவுப் பெயர்களைப் பற்றி நான் சொல்கிறேன். ஒரு திருச்சபைப் பிரிவையும் அதன் உறுப்பினரையும் குறிக்கும் சொல்லுக்குப் பெரிய எழுத்து: லுத்தரன், மெத்தடிஸ்ட், பாப்டிஸ்ட், ஆங்கிலிக்கன், பிரெஸ்பிட்டேரியன், புராட்டஸ்டண்ட் எல்லாம் இதில் அடங்கும். அதே சொல் ஒரு கொள்கையை, குணத்தை அல்லது நிர்வாக முறையைப் பொதுவாகக் குறிக்கும்போது சிறிய எழுத்தாகிவிடும். ‘ஆர்த்தடாக்ஸ்’ பெரிய எழுத்தில் கீழைத் திருச்சபைகளைக் குறிக்கும், சிறிய எழுத்தில் மரபு தவறாத கருத்தைக் குறிக்கும். ‘எபிஸ்கோபல்’ பெரிய எழுத்தில் ஒரு திருச்சபையின் பெயர், சிறிய எழுத்தில் பேராயர்களால் ஆளப்படும் முறை. ‘கான்கிரிகேஷனல்’ என்பதும் அப்படியே.

‘இவாஞ்சலிக்கல்’தான் நம் நாட்டில் அதிகம் குழப்பும் சொல். சிகாகோ வழியில் அது ஓர் இயக்கத்தையும் நிலைப்பாட்டையும் குறிக்கும் பொதுச்சொல், ஆகவே சிறிய எழுத்து. ஆனால் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையின் ஆங்கிலப் பெயரில் அது பெயரின் பகுதி. அங்கே பெரிய எழுத்து கட்டாயம். ‘தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை 1919இல் அமைந்தது’ என்ற வாக்கியத்தில் பெரியதும், ‘அவர் சுவிசேஷ ஆர்வம் மிக்கவர்’ என்ற வாக்கியத்தில் சிறியதும் ஒரே பத்தியில் அடுத்தடுத்து வரலாம். அதில் முரண்பாடு எதுவும் இல்லை. ‘பெந்தெகொஸ்தல்’ என்பதைப் பொதுவாகப் பெரிய எழுத்தில் எழுதுகிறார்கள். ‘காரிஸ்மாட்டிக்’ என்பதைச் சிறிய எழுத்தில் எழுதுகிறார்கள்.

‘யுனைட்டட்’ போன்ற சாதாரண அடைமொழியும் பெயருக்குள் வந்தால் பெரிய எழுத்துதான். 1908இல் உருவான தென்னிந்திய ஐக்கிய திருச்சபையைக் குறிக்கும்போது அந்த ‘யுனைட்டட்’ பெரிய எழுத்தில் வர வேண்டும். அது 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை தூய ஜார்ஜ் பேராலயத்தில் ஆங்கிலிக்கன், மெத்தடிஸ்ட் சபைகளோடு இணைந்து சி.எஸ்.ஐ. ஆனது. இணைந்த மூன்று தரப்பையும் பற்றி ‘ஒன்றுபட்ட சபைகள்’ என்று விளக்கமாக எழுதினால் அதே சொல் சிறிய எழுத்தில் வரும். 1947க்கு முந்தைய நிகழ்ச்சிகளைச் சொல்லும் கட்டுரைகளில் சி.எஸ்.ஐ. என்ற பெயர் நுழைந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஒரு திருச்சபை தன் பெயரைத் தானே எப்படி எழுதுகிறதோ அப்படியே எழுத வேண்டும் என்பது எல்லாக் கையேடுகளும் ஏற்கும் வழக்கம். ஏழாம் நாள் அட்வெண்டிஸ்ட் திருச்சபையின் ஆங்கிலப் பெயரில் ‘நாள்’ என்பதற்கான சொல், இணைப்புக் குறிக்குப் பின் சிறிய எழுத்தில் தொடங்கும். சால்ட் லேக் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட பிற்காலத் தூயவர்கள் திருச்சபையின் பெயரிலும் அப்படியே. அதிலிருந்து வேறான இன்னொரு கிளை இணைப்புக் குறி இல்லாமல், பெரிய எழுத்தோடு எழுதி வந்திருக்கிறது. அங்கே ஓர் எழுத்தின் அளவு எந்தச் சபை என்பதையே காட்டிவிடுகிறது. நாம் அழகு கருதி ஒன்றை மற்றொன்றாகத் திருத்தக் கூடாது.

வழிபாட்டில் சொல்லப்படும் நம்பிக்கை அறிக்கையான விசுவாசப் பிரமாணம் உங்கள் மலரில் அச்சாகுமென்றால் அதைக் கவனமாகப் பாருங்கள். ‘கத்தோலிக்’ என்ற சொல் அங்கே ‘பொதுவான’, ‘உலகளாவிய’ என்ற பொருளில் வருகிறது. 1662ஆம் ஆண்டின் ஆங்கிலிக்கன் பொது ஜெப நூலில் அது பெரிய எழுத்தில் இருக்கிறது. இன்றைய ஆங்கிலப் பதிப்புகள் பெரும்பாலும் சிறிய எழுத்தில் எழுதுகின்றன, கத்தோலிக்கர்கள் இன்று பயன்படுத்தும் நிசேயப் பிரமாணத்தின் ஆங்கிலப் பாடத்திலும் அது சிறிய எழுத்தே. அமெரிக்காவின் ஐக்கிய மெத்தடிஸ்ட் பாமாலையில் சிறிய எழுத்தில் போட்டு, ‘உலகளாவிய’ என்ற பொருளை அடிக்குறிப்பிலும் கொடுத்திருக்கிறார்கள். உங்கள் சேகரத்தில் எந்த வழிபாட்டு நூலைப் பயன்படுத்துகிறீர்களோ அதை அப்படியே பின்பற்றுங்கள். ஆசிரியர் குழு இதில் கைவைக்க வேண்டாம்.

பதில் 3: நூலகத்துச் செல்வி

மெய்ப்புநோக்கர் ஐயா சொன்னதோடு எனக்குப் பெரும்பாலும் உடன்பாடே. ஆனால் சிகாகோவின் விதியே ஆங்கிலத்தின் விதி என்று குழுவினர் எண்ணிவிட வேண்டாம் என்பதற்காக இதை எழுதுகிறேன். ஒருவர் மட்டுமே வகிக்கக்கூடிய பதவியைப் பெயரில்லாமல் சொல்லும்போதும் பெரிய எழுத்தில் எழுதும் மரபு ஆங்கிலத்தில் நெடுங்காலமாக இருக்கிறது. இங்கிலாந்துத் திருச்சபை தன் ஆவணங்களில் அப்படித்தான் எழுதுகிறது. இந்திய அரசியலமைப்பின் 163ஆம் உறுப்பைத் திறந்து பாருங்கள்: ஆளுநர், முதலமைச்சர், அமைச்சரவை ஆகிய மூன்றும் எவருடைய பெயரும் இல்லாமலேயே பெரிய எழுத்தில் நிற்கின்றன. ‘தி இந்து’ நாளிதழில் முதலமைச்சர் என்பதற்கான ஆங்கிலச் சொல்லைப் பெரிய எழுத்தில் வாசித்தே தமிழ்நாட்டில் பல தலைமுறைகள் ஆங்கிலம் பழகியிருக்கின்றன. அமெரிக்க அரசின் அச்சகக் கையேடுகூடத் தங்கள் குடியரசுத் தலைவரைப் பெயரில்லாமல் குறிக்கும்போதும் பெரிய எழுத்தையே விதிக்கிறது. இன்னொரு முனையில் இங்கிலாந்தின் ‘கார்டியன்’ நாளிதழ் பதவிப் பெயர்களைச் சிறிய எழுத்திலேயே எழுதுகிறது. ஆக, உங்கள் மூத்தவர்கள் கேட்பது பிழையான ஆங்கிலம் அன்று. அவர்கள் வாசித்து வளர்ந்த ஆங்கிலம்.

ஆனால் அந்த மரபைத் தேர்ந்தால் அதற்கும் ஓர் எல்லை உண்டு. இன்னார் என்று தெரிந்த, குறிப்பிட்ட ஒருவரைச் சுட்டும்போது மட்டுமே பெரிய எழுத்து. ‘நூறு ஆண்டுகளில் எத்தனையோ பிஷப்புகள் இங்கே வந்தார்கள்’, ‘ஒரு பிரெஸ்பிட்டர் செய்ய வேண்டிய கடமைகள்’ போன்ற இடங்களில் எந்த மரபிலும் சிறிய எழுத்துதான். கோடிட்டுத் தேடினால் உங்கள் கையெழுத்துப் படிகளில் பிழைகள் பெரும்பாலும் இப்படிப்பட்ட இடங்களிலேயே இருக்கும். ‘சர்ச்’ என்ற சொல்லும் அப்படியே: பாளையங்கோட்டை தூய திரித்துவப் பேராலயத்தின் முழுப் பெயரில் எல்லாம் பெரிய எழுத்து, பிறகு ‘அந்தப் பேராலயம்’ என்று கட்டடத்தைச் சொன்னால் சிறியது.

மரியாதையை வைக்க வேறு இடம் ஆங்கிலத்திலேயே இருக்கிறது. ஒவ்வொரு கட்டுரையிலும் பேராயர் முதன்முறை வரும் இடத்தில் ‘தி ரைட் ரெவரெண்ட்’ என்ற முன்னடையோடு முழுப் பெயரையும் எழுதுங்கள். மாடரேட்டருக்கு ‘தி மோஸ்ட் ரெவரெண்ட்’. குருமாருக்கு ‘தி ரெவரெண்ட்’. இவை எல்லாக் கையேடுகளின்படியும் பெரிய எழுத்தில்தான் வரும். ‘ரெவரெண்ட்’ என்பது அடிப்படையில் அடைமொழி என்பதால், மரபான ஆங்கிலத்தில் அதன் முன் ‘தி’ வரவேண்டும், பின்னால் குடும்பப் பெயர் மட்டும் ஒட்டி நிற்கக் கூடாது. நம்மவர்களின் பெயர் தலைப்பெழுத்தும் இயற்பெயருமாக அமைவதால் இந்த விதி நமக்கு இயல்பாகவே பொருந்திவிடுகிறது.

பதில் 4: காயல்மணி

பள்ளிவாசல் இமாம் பற்றியும் கேட்டிருந்தீர்கள். தொழுகை நடத்தும் இமாமுக்கு, பெயருக்கு முன் வந்தால் பெரிய எழுத்து, தனியே வந்தால் சிறியது. ஷியா மரபின் பன்னிரு இமாம்களைக் குறிக்கும்போது மட்டும் தனியே வந்தாலும் பெரிய எழுத்தில் எழுதும் வழக்கம் உண்டு. சன்னி, ஷியா, சூஃபி ஆகிய பிரிவுப் பெயர்கள் எப்போதும் பெரிய எழுத்தே. வைணவம், சைவம், திகம்பரம், தேரவாதம் ஆகியவற்றின் ஆங்கிலப் பெயர்களுக்கும் அதேதான். சிகாகோ நூல் தலாய் லாமாவை மரபு கருதித் தனியே வரும்போதும் பெரிய எழுத்தில் எழுதுகிறது. ‘முந்தைய தலாய் லாமாக்கள்’ என்று பன்மையில் வந்தால் சிறியதாக்கிவிடுகிறது. திருவாவடுதுறை ஆதீனம், தருமபுரம் ஆதீனம் என்று நிறுவனப் பெயராக வந்தால் இரு சொல்லும் பெரிய எழுத்து.

நான் வலியுறுத்த விரும்புவது ஒன்றுதான். உங்கள் பேராயருக்குத் தனியே வரும்போதும் பெரிய எழுத்து என்று முடிவு செய்தால், அந்த இமாமுக்கும் கத்தோலிக்க ஆயருக்கும் ஆட்சியருக்கும் அதே முறை வேண்டும். வாழ்த்துச் சொல்ல வந்த அயலவரின் பதவி சிறிய எழுத்திலும் நம்முடையது பெரிய எழுத்திலும் அச்சானால், அது தற்செயல் என்று வாசிப்பவர் நம்பமாட்டார். மொழிபெயர்ப்பிலும் எச்சரிக்கை தேவை: சி.எஸ்.ஐ. வழக்கில் பேராயர் என்பவர் ‘பிஷப்’, ஆயர் என்பவர் ‘பிரெஸ்பிட்டர்’. கத்தோலிக்க வழக்கில் ஆயரே ‘பிஷப்’, பேராயர் ‘ஆர்ச்பிஷப்’. பதவியே மாறிப்போனால் பெரிய எழுத்தால் பயன் இல்லை.

பொருநைக்கரையான்

அனைவருக்கும் நன்றி. உங்கள் பதில்களைப் படியெடுத்துக் குழுவில் வாசித்தேன். தமிழில் வினைமுற்று சுமக்கும் மரியாதையை ஆங்கிலத்தில் பெரிய எழுத்தின் தலையில் ஏற்றுகிறோம் என்ற விளக்கத்தை மூத்தவர் ஒருவர் மிகவும் விரும்பிக் கேட்டார். கட்டுரைப் பகுதியில் தனியே வரும் பதவிப் பெயர்கள் எல்லாருக்கும் சிறிய எழுத்து என்றும், முதல் குறிப்பில் முழு முன்னடை கட்டாயம் என்றும் முடிவாகியிருக்கிறது. இரண்டு ஐயங்கள் எஞ்சியிருக்கின்றன. வாழ்த்துரைப் பக்கங்களில் பெயருக்குக் கீழே வரும் பதவியை எப்படி அச்சிடுவது? பழைய மிஷனரிக் கடிதங்களை மேற்கோளாகத் தரும்போது அங்குள்ள பெரிய எழுத்துகளை இன்றைய முறைக்கு மாற்றலாமா?

பதில் 5: மெய்ப்புநோக்கர்

முதல் ஐயத்துக்கு விடை எளிது. கையொப்பத்தின் கீழும், நன்கொடையாளர், விருந்தினர் பட்டியல்களிலும், நிகழ்ச்சி நிரலிலும் பதவிப் பெயர் பெயருக்குப் பின் வந்தாலும் பெரிய எழுத்தே பொருந்தும். தொடர்ந்து செல்லும் உரைநடைக்குள் மட்டுமே சிறிய எழுத்து விதி; சடங்குமுறையான இடங்களுக்குச் சிகாகோ நூலே இந்த விலக்கைத் தருகிறது. படங்களின் கீழுள்ள குறிப்புகளை மட்டும் உரைநடையாகவே கருதுங்கள், ஏனெனில் அவற்றில் பெரும்பாலும் முழு வாக்கியங்கள் வரும்.

மேற்கோள்களில் கைவைக்க வேண்டாம். பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் பெயர்ச்சொற்களைப் பரவலாகப் பெரிய எழுத்தில் தொடங்கினார்கள். 1787இல் எழுதப்பட்ட அமெரிக்க அரசியலமைப்பின் முகவுரையில் மக்கள், ஒன்றியம், நீதி ஆகியவற்றோடு ‘பொருட்டு’ என்ற பொருளில் வரும் தொடரிலுள்ள ‘ஆர்டர்’ என்ற சொல்லும்கூடப் பெரிய எழுத்தில் இருக்கிறது. ஜெர்மானிய மொழியில் அது இன்றும் விதி என்பதால், தரங்கம்பாடி வழியாக வந்த ஜெர்மானிய மிஷனரிகள் ஆங்கிலத்தில் எழுதியவற்றிலும் அந்தப் பழக்கம் தென்படலாம். அங்கே ‘கேட்டகிஸ்ட்’ பெரிய எழுத்தில் இருந்தால் ‘வீடு’, ‘கிணறு’ ஆகியவையும் பெரிய எழுத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். அவையும் அப்படியே இருந்தால், அது பதவிக்குத் தரப்பட்ட தனி மதிப்பு அன்று; தனி மதிப்பு என்று கட்டுரையாளர் எவரும் விளக்கம் எழுதியிருந்தால் அந்த வரியை நீக்கிவிடலாம். மேற்கோளின் எழுத்துகள் மூலத்தில் உள்ளபடியே தரப்பட்டுள்ளன என்று மலரின் தொடக்கத்தில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.